காப்பீட்டுக் கிளைகளில் நல்ல வேலை எதிலிருந்து வருகிறது

காப்பீட்டுத் துறையில் ஓர் ஊழியர் இன்று செய்யும் வேலையின் பலன் பத்து ஆண்டுகள் கழித்தோ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தோதான் தெரியவரும். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டுபவர், அதை வாங்கிச் செல்லும் பெண்ணின் முகமலர்ச்சியை அங்கேயே பார்த்துவிடுகிறார். பாலிசி கேட்டு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தைச் சரிபார்த்துக் கணினியில் பதியும் உதவியாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தப் பாலிசி ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் நாளில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய அன்றாடம் என்பது எண்கள், கையொப்பங்கள், முத்திரைகள், மாத இறுதி அவசரம் ஆகியவைதான். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் காப்பீட்டு ஊழியர்களின் ஊக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது மேலோட்டமான பேச்சாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, காவிரி டெல்டாவின் பல கிளைகளில் பணியாற்றி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கும் இளம் மேலாளர்களுக்கும் அவ்வப்போது பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து, “சார், என் கிளையில் யாரும் மனம் வைத்து வேலை செய்வதில்லை, என்ன செய்யலாம்?” என்று கேட்பது வழக்கம். நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். தான் செய்த வேலை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை ஊழியர் தன் கண்ணால் பார்க்க வழி செய்யுங்கள். ஊக்கத்தொகை, போட்டி, பாராட்டு விழா எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம். இந்தப் பதிலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும், அதை ஒரு கிளையில் எப்படி நடைமுறைப்படுத்தலாம் என்பதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைச் சிறுமைப்படுத்தி எழுதுவது நேர்மையாகாது. குடும்பச் செலவுக்குப் போதாத சம்பளத்தில் இருப்பவரிடம் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசுவது முறையன்று. நியாயமான ஊதியம், உரிய காலத்தில் பதவி உயர்வு, மாற்றல்களில் பாகுபாடின்மை ஆகிய மூன்றும் இல்லாத கிளையில் வேறு எந்த முயற்சியும் வேர் பிடிக்காது. ஆனால் இவை ஒருவரை வேலையில் இருத்தி வைக்குமே தவிர, மாலை ஐந்து மணிக்குக் கவுன்டருக்கு வந்து நிற்கும் மூதாட்டியின் படிவத்தை நாளைக்குத் தள்ளாமல் இன்றே முடித்துக் கொடுக்கும் அக்கறையைத் தந்துவிடுவதில்லை. ஒரே சம்பள விகிதத்தில், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் அமர்ந்திருந்த இரண்டு உதவியாளர்களின் வேலைத் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்ததை ஒவ்வொரு கிளையிலும் கண்டிருக்கிறேன். சம்பளம் அந்த வேறுபாட்டை விளக்கவில்லை.

விற்பனைப் பக்கத்தில் பணத்தின் வேலை இன்னும் சிக்கலானது. முகவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், கமிஷன் பெறுபவர்கள். அவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் வளர்ச்சி அதிகாரிகள்தான் ஊழியர்கள். நெடுங்காலம் வழக்கில் இருந்த முறைப்படி, காலம் முடிந்தாலும் இடையில் இறந்தாலும் தொகை கிடைக்கும் நீண்ட கால எண்டோமென்ட் பாலிசி ஒன்றில் முகவருக்கு முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 25 விழுக்காடு வரையிலும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் 7.5 விழுக்காடும், அதற்குப் பிறகு 5 விழுக்காடும் கமிஷனாகக் கிடைத்து வந்தது. வளர்ச்சி அதிகாரியின் மதிப்பீடும் பெரும்பாலும் முதல் ஆண்டுப் பிரீமியத்தை வைத்தே அமைந்தது. இப்படிப்பட்ட அமைப்பு எதைத் தூண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிய பாலிசியைப் பிடிப்பதில் எல்லோரும் பாய்ச்சல் காட்டுவார்கள், இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் வந்ததா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் சிலராகவே இருப்பார்கள்.

மார்ச் மாதத்தில் எந்தக் காப்பீட்டுக் கிளைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இரவு வரை விளக்கு எரியும், தேநீர் வந்துகொண்டே இருக்கும், படிவங்கள் கட்டுக்கட்டாகக் குவியும். அந்த வேகத்தில் ஓர் அழகு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன், ஊழியர்கள் அனைவரும் ஒரே குடும்பம்போல் இயங்கும் நாட்கள் அவை. ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் போட்டிக்காகவும் இலக்குக்காகவும் சேர்க்கப்பட்ட பாலிசிகளில் கணிசமானவை அடுத்த மார்ச்சில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகும். நான் பணியில் இருந்த காலத்தில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் பிரீமியமாவது கட்டுவதற்கு முன் நின்றுபோன பாலிசிதாரருக்குச் சரண்டர் மதிப்பாக, அதாவது பாலிசியை இடையில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் தொகையாக, எதுவும் கிடைக்காது, கட்டிய பணம் போனது போனதுதான். 2024 அக்டோபர் 1 முதல்தான், முதல் ஆண்டுப் பிரீமியத்தை முழுமையாகக் கட்டியவருக்கு அந்த ஓராண்டு முடிந்த பிறகு ஒரு தொகை கிடைக்கும்படி விதிகள் மாறியிருக்கின்றன. அதற்கு முன்பு எத்தனையோ நெசவாளர்களும் சிறு வியாபாரிகளும் இழந்த முதல் ஆண்டுப் பிரீமியம், ஏதோ ஒரு கிளையின் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருந்தது. இதை உணர்ந்த ஊழியர் மனத்தில் உற்சாகம் தங்காது. தான் செய்யும் வேலை பிறருக்கு நன்மை தருகிறதா என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால், எந்த விருதும் அதைத் துடைத்துவிடாது.

ஆகவே நான் மேலாளராகப் பொறுப்பேற்ற கிளைகளில் முதலில் மாற்றியது அறிவிப்புப் பலகையைத்தான். அதுவரை அதில் புதிய பாலிசிகளின் எண்ணிக்கையும் முதல் பிரீமியமும் மட்டுமே எழுதப்பட்டு வந்தன. நான் அதற்கு மேலே, பெரிய எழுத்தில், பெர்சிஸ்டென்சி என்று நாங்கள் சொல்லும் நிலைப்பு விகிதத்தை எழுதச் செய்தேன். விற்ற பாலிசிகளில் எத்தனை விழுக்காடு பதின்மூன்றாம் மாதத்தில் உயிரோடு இருக்கிறது, எத்தனை விழுக்காடு அறுபத்தொன்றாம் மாதத்தில் உயிரோடு இருக்கிறது என்ற கணக்கு அது. அதோடு, பாலிசிதாரர் இறந்ததும் குடும்பம் பணம் கேட்டு வைக்கும் இறப்புக் கோரிக்கைகளில் அந்த மாதம் கிளை பணம் கொடுத்து முடித்தவை எத்தனை, ஆவணங்கள் வந்து சேர்ந்ததிலிருந்து பணம் போய்ச் சேர எத்தனை நாளாயிற்று என்பதையும் எழுதினோம். மேலிடத்திலிருந்து வந்த இலக்குகளை நான் மாற்ற முடியாது. ஆனால் கிளைக்குள் எதைப் பற்றிப் பேசுகிறோம், எதற்காக ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறோம் என்பது முழுக்க முழுக்க மேலாளர் கையில் இருக்கிறது. அதிக அதிகாரம் இல்லாத மேலாளரும் இதைச் செய்யலாம்.

சில மாதங்களில் பேச்சு மாறியது. வளர்ச்சி அதிகாரிகள் புதுப்பிக்கப்படாத பாலிசிகளின் பட்டியலை அவர்களாகவே வந்து கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். பழைய பாலிசிகளுக்கு உயிர்கொடுக்கும் வேலையைச் சலிப்பாகக் கருதிய உதவியாளர்கள், பலகையில் அந்த எண் ஏறுவதைப் பார்த்து அதில் அக்கறை காட்டினார்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மனிதர்கள் வேலை என்று கருதுகிறார்கள்.

இனி, என் கருத்தை உருவாக்கிய நிகழ்வுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அப்போது நான் அந்தக் கடற்கரைப் பகுதியின் கிளை ஒன்றில் கோரிக்கைப் பிரிவில் இருந்தேன். அது எந்த வகையிலும் சிறந்த கிளை என்று பெயர் பெற்றதன்று. தாமதமாக வருபவர்கள், மதியத்துக்குப் பின் மேசையில் காணாமல் போகிறவர்கள், வேலையை அடுத்தவர் மேசைக்குத் தள்ளுபவர்கள் என்று எல்லாக் கிளைகளிலும் இருப்பவர்கள் அங்கும் இருந்தார்கள். அந்த வாரத்தில் அந்தக் கிளை வேறொன்றாக மாறியது.

சாதாரணக் காலத்தில் ஓர் இறப்புக் கோரிக்கைக்கு அசல் பாலிசிப் பத்திரம் வேண்டும், இறப்புச் சான்றிதழ் வேண்டும், அடக்கம் அல்லது தகனம் பற்றிய சான்று வேண்டும், தன் இறப்புக்குப் பின் பணம் பெற வேண்டியவர் என்று பாலிசிதாரர் எழுதிவைத்த நியமனதாரரின் அடையாளம் வேண்டும். காணாமல் போனவர் என்றால் அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்த பிறகே இறந்தவராகக் கருத முடிந்தது. அக்கரைப்பேட்டையிலிருந்தும் கீச்சாங்குப்பத்திலிருந்தும் வந்தவர்களிடம் பத்திரமும் இல்லை, பத்திரம் வைத்திருந்த வீடும் இல்லை. சிலருக்கு உடலே கிடைக்கவில்லை. அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் நடைமுறைகளைத் தளர்த்தி, மாற்று ஆவணங்களை ஏற்றுக்கொள்ள வழி செய்தன. ஆனால் தளர்த்தப்பட்ட விதியும் ஒரு தாள்தான், அதைப் பணமாக மாற்றி ஒரு கைக்குச் சேர்ப்பது மேசையில் இருக்கும் ஊழியர்தான்.

எங்கள் கிளையில் ஒருவரும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. இறந்தவர்களின் பட்டியல்கள் வரவர, ஊர், பெயர், தந்தை பெயர், வயது என்று ஒவ்வொன்றாகப் பாலிசிப் பதிவுகளோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். முகவர்களை அழைத்து வைத்து, “இவர் எந்தத் தெரு, எந்தக் குடும்பம்?” என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்தார்கள். கோரிக்கை வருவதற்கு முன்பே, இன்னாருக்குப் பாலிசி இருக்கிறது என்று நாங்களே முகாம்களுக்குப் போய்ச் சொன்னோம். கணவர் பாலிசி எடுத்திருந்ததே தெரியாத பெண்கள் இருந்தார்கள். விபத்துப் பயன் சேர்க்கப்பட்ட பாலிசியாக இருந்தால் கூடுதல் தொகையும் உண்டு என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத்தில் எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மூத்த உதவியாளர், பல நாட்கள் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு அதனால் பதவி உயர்வோ ஊக்கத்தொகையோ கிடைக்கவும் இல்லை.

பெருந்துயரம் வந்தால் எல்லோருமே நல்லவர்களாகிவிடுவார்கள் என்று இதற்கு ஓர் எளிய விளக்கம் சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை அதுவன்று என்று நினைக்கிறேன். சில மாதங்கள் கழித்து, கிளை தன் பழைய நடைக்குத் திரும்பிய பிறகு, அந்த உதவியாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். “சார், இத்தனை வருஷமா நான் செஞ்சது என்ன வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இப்ப மறுபடி வெறும் பேப்பரா ஆயிடுச்சு” என்றார். வேலை மாறவில்லை, விதிகளும் பெரிதாக மாறவில்லை. அந்த நாட்களில் கோப்புக்கு உரிய மனிதர் கோப்போடு எதிரில் வந்து நின்றார், பிறகு கோப்பு மட்டும் வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. பேரிடர் வராமலேயே அந்த மனிதரை மேசைக்கு எதிரில் கொண்டுவர முடியுமா என்பதே பின்னாளில் மேலாளராக நான் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்ட கேள்வி.

முடியும். முதலாவதாக, புதிய பாலிசிகளைப் பதியும் புதுவணிகப் பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் சுழற்சி முறையில் சில காலம் கோரிக்கைப் பிரிவில் அமர்த்தினேன். அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான், முன்மொழிவுப் படிவத்தில் நியமனதாரரின் பெயரை அரைகுறையாக எழுதி வாங்கினால் என்ன நடக்கும் என்பது புரியும். திருமணத்துக்கு முன் தாயை நியமனதாரராக எழுதியவர், பிறகு மாற்றாமலே இறந்துபோக, மருமகளும் மாமியாரும் கவுன்டரில் எதிரெதிரே நின்று அழுவதைக் கண்ட ஒரு பெண் ஊழியர், அதன் பிறகு திருமணமாகி முகவரி மாற்றம் கேட்டு வரும் எவரையும் நியமனத்தைப் பற்றிக் கேட்காமல் அனுப்பியதில்லை. எந்தச் சுற்றறிக்கையும் அவரை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பல மேலாளர்கள் இதை மறைத்து வைக்கவே விரும்புகிறார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது. அதற்குள் இறப்பு நேர்ந்தால் விசாரணை நடக்கும், நோயை மறைத்ததாகத் தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். பாலிசிதாரர் வேண்டுமென்றே ஏமாற்றியது சிலவற்றில்தான். பலவற்றில், முகவர் அவசரத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருப்பார், பாலிசிதாரருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்று யாரும் கேட்டே இருக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தைச் சரிபார்த்த ஊழியர், எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன என்று பார்த்து அனுப்பியிருப்பார். கேட்டிருந்தால் சற்றுக் கூடுதல் பிரீமியத்தோடு அந்தப் பாலிசி சரியாகவே கிடைத்திருக்கும், அவர் இறந்தபோது குடும்பத்துக்குப் பணமும் கிடைத்திருக்கும்.

நான் அத்தகைய கோப்புகளில் பெயர், ஊர் ஆகியவற்றை மறைத்து, புதுவணிகப் பிரிவினரோடும் வளர்ச்சி அதிகாரிகளோடும் உட்கார்ந்து வாசித்தேன். இந்தக் குடும்பத்துக்குப் பணம் மறுக்கப்பட்டதற்கு எந்தக் கேள்வி விடுபட்டது காரணம் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். யாருடைய தவறு என்று தேடுவதில்லை என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுவேன், இல்லையென்றால் அந்தக் கூட்டம் விசாரணை மன்றமாகிவிடும். இந்த வாசிப்புகளுக்குப் பிறகு, குறைபாடுள்ள படிவங்களைத் திருப்பி அனுப்புவதில் ஊழியர்களுக்குத் துணிவு வந்தது. அதற்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்புகிறவர் கிளையின் இலக்குக்கு எதிரி என்று பார்க்கப்பட்டார். ஒரு தவறான பாலிசியைத் தடுத்து நிறுத்துபவரை எந்த நிறுவனமும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. அந்தப் பாராட்டைக் கிளை மேலாளர்தான் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, தொகை கொடுக்கும் தருணம். முன்பெல்லாம் காசோலை கொடுத்தோம். நியமனதாரர் நேரில் வருவார், அல்லது முகவரும் ஊழியரும் வீட்டுக்கே போய்க் கொடுப்பார்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை வந்தது மிகப் பெரிய நன்மை, காசோலை அஞ்சலில் தொலைவதும் பெயரில் எழுத்துப்பிழை வந்து திரும்புவதும் ஒழிந்தன. ஆனால் ஊழியருக்கு அதில் ஓர் இழப்பு இருக்கிறது. அவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், எங்கோ ஒரு கணக்கில் பணம் ஏறுகிறது, அந்தக் குடும்பத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஆகவே, கோப்பை முடித்த ஊழியரே, பணம் அனுப்பிய மறுநாள் நியமனதாரரைத் தொலைபேசியில் அழைத்து, “அம்மா, பணம் வந்து சேர்ந்ததா? வேறு பாலிசி ஏதும் இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பார்த்தீர்களா?” என்று கேட்க வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினோம். சிறிய வேலைதான், ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தொடக்கத்தில் தயங்கிய ஊழியர்கள், பிறகு அந்த அழைப்பை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சில வீடுகளில் உண்மையாகவே இன்னொரு பாலிசி கிடைத்தது. சில வீடுகளில், வங்கிக் கணக்கின் வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் இறந்தவர் சேர்ந்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. 2015இல் ஆண்டுக்கு 330 ரூபாயாகத் தொடங்கி இப்போது 436 ரூபாயாக இருக்கும் அந்தத் திட்டத்தில், இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் உண்டு. கொரோனா காலத்தில் அந்தத் தொகையைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலே இருந்த வீடுகள் எத்தனையோ. அது எங்கள் கிளைப் பாலிசி அன்று, எங்கள் கணக்கில் சேரப்போவதும் இல்லை. இருந்தும் எங்கள் ஊழியர் அந்தப் பெண்ணுக்கு எந்த வங்கிக் கிளையில் போய் என்ன படிவம் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒருவர் மனம் வைத்து வேலை செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மேசையில் இருப்பவருக்கு எந்த முடிவும் எடுக்க இயலாதென்றால், அவர் தன்னைத் தபால்காரராகவே கருதத் தொடங்குவார். விதிகள் அனுமதிக்கும் எல்லைக்குள், சிறிய தொகைக் கோரிக்கைகளில் எந்த ஆவணம் போதும் என்று பரிந்துரைக்கும் பொறுப்பை உதவியாளர்களுக்கே கொடுத்து, அவர்கள் காரணத்தோடு எழுதியதை மிக அரிதாகவே மாற்றினேன். மாற்றும்போது ஏன் மாற்றினேன் என்று கோப்பிலேயே எழுதினேன். காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு ஆணையத்தின் காலக்கெடுவும் இப்போது இறுகியிருக்கிறது. 2017 விதிகளின்படி ஆவணங்கள் அனைத்தும் வந்த பின் 30 நாட்களுக்குள் இறப்புக் கோரிக்கையை முடிக்க வேண்டும் என்றிருந்தது, 2024இல் விசாரணை தேவையில்லாத கோரிக்கைகளுக்கு 15 நாட்கள், விசாரணை தேவைப்படுபவைக்கு 45 நாட்கள் என்று ஆயிற்று. இந்தக் கெடுவை ஊழியர்மேல் விழும் சாட்டையாகவும் பயன்படுத்தலாம், அவருக்கு அதிகாரம் கேட்டுப் பெறுவதற்கான நியாயமாகவும் பயன்படுத்தலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். பதினைந்து நாளில் முடிக்க வேண்டுமென்றால், ஐந்து கையொப்பங்களுக்கு அலைய முடியாது என்று மேலிடத்தில் சொல்வதற்கு இதைவிட வலுவான வாதம் இல்லை.

தொழிலறிவு தரும் தன்மதிப்பையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மும்பையில் 1955 முதல் இயங்கும் இந்தியக் காப்பீட்டுக் கழகம், லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் என்று மூன்று நிலைகளில் தேர்வுகள் நடத்துகிறது. என் கிளைகளில் மாலை நேரத்தில் இந்தத் தேர்வுகளுக்குக் கூட்டாகப் படிக்கும் குழுவைத் தொடங்கினோம். தேறியதற்குக் கிடைக்கும் பலன்கள் ஒருபுறம் இருக்க, மறுகாப்பீடு என்றால் என்ன, இறப்பு விகித அட்டவணை எப்படிப் பிரீமியமாகிறது என்று புரிந்துகொண்ட ஊழியர் வாடிக்கையாளரிடம் பேசும் முறையே மாறிவிடும். “விதி அப்படி” என்று சொல்லி முடித்துக்கொண்டவர், “ஏன் அப்படியென்றால்” என்று தொடங்குவார்.

2000இல் தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறந்த பிறகு துறைக்குள் வந்த இளைஞர்களின் நிலை வேறு. பயிற்சி வகுப்புகளில் நான் சந்திக்கும் விற்பனைப் பிரிவு இளைஞர்கள் பலர், காலையில் கூட்டம், மாலையில் கூட்டம், நடுவில் வாட்ஸப் குழுவில் தரவரிசைப் பட்டியல் என்று வாழ்கிறார்கள். பட்டியலின் அடியில் இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. அப்படி நடத்தப்பட்ட ஓர் இளைஞர், தன் தாய்மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் தேவையில்லாத பாலிசிகளை விற்று மூன்று மாதம் தாக்குப்பிடித்து, உறவையும் வேலையையும் சேர்த்தே இழந்ததாக என்னிடம் சொன்னார். அவமானத்தால் உந்தப்படும் வேலை இப்படித்தான் முடியும், உறவினர் பட்டியல் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்துவிடும்.

இத்துறையில் விற்பனையாளர் கேட்கும் பதில்களில் பெரும்பான்மை ‘வேண்டாம்’ என்பதுதான். அமெரிக்காவில் 1980களில் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனத்தின் விற்பனையாளர்களை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் ஆராய்ந்தபோது, தோல்வியைத் தற்காலிகமானது என்றும் அந்தச் சூழலுக்கு மட்டும் உரியது என்றும் விளக்கிக்கொள்பவர்கள், தோல்வியைத் தன் குணக்குறையாகக் கருதுபவர்களைவிட அதிகம் விற்றதையும் அதிக காலம் வேலையில் நிலைத்ததையும் கண்டார். நிறுவனத்தின் வழக்கமான தேர்வில் தவறினாலும் நம்பிக்கை மனப்பாங்கில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அவர்கள் நன்றாகவே விற்றார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நம்பிக்கையானவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதன்று. ஒரு மறுப்பை எப்படிப் பொருள் கொள்வது என்பதைக் கற்றுக்கொடுக்க முடியும். நான் வகுப்பில், மறுக்கப்பட்ட சந்திப்பை விவரிக்கச் சொல்லி, அவர் மறுத்ததற்கு உங்களோடு தொடர்பில்லாத காரணங்கள் என்னென்ன இருக்கலாம் என்று எழுத வைக்கிறேன். அறுவடைக்கு முன் பணம் இல்லாதது, ஏற்கெனவே ஒரு பாலிசி காலாவதியாகிப் பணம் இழந்தது, வீட்டில் மகள் திருமணம் என்று காரணங்கள் வரும். அவற்றில் பாதி, திரும்பப் போய்ப் பார்ப்பதற்கான நாளையும் சொல்லிவிடும். சிவப்புக் குறி போடும் மேலாளர், இந்தத் தெளிவைத்தான் அந்த இளைஞரிடமிருந்து பறிக்கிறார்.

பாராட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அது குறிப்பான செயலைச் சுட்ட வேண்டும் என்பேன். ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற சான்றிதழ் அலமாரிக்குள் போய்விடும். “வெளியூரிலிருந்து வந்த அந்தப் பெரியவரின் கையொப்பம் பொருந்தாதபோது, அவரைத் திருப்பி அனுப்பாமல் வங்கியில் சான்று வாங்க நீங்களே கூடப் போனீர்கள்” என்று மற்றவர்கள் முன்னிலையில் சொன்னால், அந்தக் கிளையில் அனைவருக்கும் நல்ல வேலை என்பது எது என்று தெரிந்துவிடும். பாராட்டைப் பெறாதவர்களுக்கே அது அதிகம் பயன்படுகிறது.

இன்று என்னைக் கவலைப்படுத்துவது, கோரிக்கைப் பரிசீலனை கிளைகளிலிருந்து விலகித் தொலைவில் உள்ள மையங்களுக்குப் போவது. வேகத்துக்கும் சீர்மைக்கும் அது நல்லதுதான், தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் சென்னையிலோ மும்பையிலோ ஒரு பெரிய கூடத்தில் அமர்ந்து, நாள் முழுவதும் திரையில் ஆவணப் படங்களைப் புரட்டும் இளைஞருக்கு, முத்துப்பேட்டையில் இருக்கும் குடும்பம் வெறும் பன்னிரண்டு இலக்க எண்ணாகிவிடும். அத்தகைய மையங்களை நடத்துபவர்களிடம் நான் கேட்பது மிகச் சில. ஒவ்வொரு பரிசீலனை ஊழியரும் ஆண்டுக்கு ஒரு வாரமாவது ஒரு சிற்றூர்க் கிளையின் கவுன்டரில் அமரட்டும். கூடுதல் ஆவணம் கேட்டு எழுதும் கடிதத்தை, முதலில் தமிழில், கேட்கப்படுபவருக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கட்டும். அந்த ஆவணத்தை வாங்க அவர் எத்தனை அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி எவ்வளவு போகும் என்பதையும் கணக்கிட்டுவிட்டுக் கேட்கட்டும். பணம் அனுப்பிய மறுநாள் செய்யும் அந்த அழைப்பை எந்த அழைப்பு மையத்துக்கும் ஒப்படைக்காமல், கோப்பை முடித்தவரே செய்யட்டும்.